பல்லாவரம் வருவதற்குள்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும்போதெல்லாம் பேபிக்கு இடது முழங்கை மடிப்பில் குறுகுறுக்கும். பதினொரு வருஷமாகியும் அது போகவில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் இருந்தாள்.

எண்பத்தாறில் தம்பி சவுரிமுத்து, கடற்படையில் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் பம்பாய் போயிருந்தான். லீவில் வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. கப்பல் மாதிரி ஆடுகிற மேடையில் நின்றுகொண்டு நரம்பில் ஊசி ஏற்றும் பரீட்சை. இரண்டு முறை தோற்றுவிட்டான். மூன்றாவது முறையும் கோட்டை விட்டால் ஆஸ்பத்திரி வேலை கிடையாது, சாமான் கிடங்குக்குத் தள்ளிவிடுவார்களாம்.

"ஆடுற எடந்தானே வோணும்? ரயில் கீதே!" என்றாள் பேபி.

ஞாயிறு பூசை முடிந்ததும், பால் காய்ச்சும் சட்டியில் ஊசியைக் கொதிக்கவைத்து, டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் போகும் வண்டியில் ஏறினார்கள். சானடோரியம் தாண்டி வண்டி ஆட்டம் போட ஆரம்பித்ததும் பேபி கையை நீட்டினாள்.

"இன்னாடா இப்டி நடுங்குது?"

"உனுக்கு வலிக்குமேக்கா."

"வலிச்சா நான் சொல்றேன். பல்லாவரம் வர்றதுக்குள்ள ரத்தம் எடுத்துக் காட்டு."

முதல் ஞாயிறு நாலு இடத்தில் குத்தினான். எதிர் சீட்டு மனிதர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினார். கையைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பேபி கொசுக்கடி என்று கூசாமல் புளுகினாள். மூன்றாவது ஞாயிறு, பல்லாவரம் பிளாட்பாரம் கண்ணில் படும்போது சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறியது. அக்காவும் தம்பியும் பெட்டி அதிரச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அவளுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. பாஸ். மனசுக்குள் சானடோரியம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே குத்தினானாம்.

அப்புறம் எத்தனை கப்பல், எத்தனை பேருக்கு ஊசி! இந்த லீவில், பேபிக்குச் சர்க்கரை பார்க்க வீட்டிலேயே ரத்தம் எடுக்க உட்கார்ந்தான். அவளுடைய கை மெலிந்து நரம்பு தெரியாமல் இருந்தது. ஆடாத தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு விரல் நடுங்கியது.

"புயல்ல கூட இப்டி ஆனதில்லக்கா."

பேபி கண்ணை மூடிக்கொண்டாள். "சானடோரியம்... குரோம்பேட்டை..."

பல்லாவரம் சொல்வதற்குள் ஊசி உள்ளே போய்விட்டது. வலித்தது. ரயிலில் அன்றைக்கும் வலித்தது. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.