அக்கா காலைக் காட்டினாள்

அக்காவின் தாடைக்குக் கீழே கல் மாதிரி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான். அவளுக்கு அது முன்பே தெரியும். தினமும் முகம் கழுவுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் மகராசி.

போன வருஷம் அவளுக்குத் தாடையில் புற்றுநோய். கெட்டுப்போன எலும்பை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருந்து ஒரு எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வைத்துத் தைத்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேலி. "உங்க அக்கா பேச்சு இப்பதான் நல்லா நடக்குது" என்பார் அவள் வீட்டுக்காரர். அக்கா சும்மா விடுவாளா? "இனிமே என் வாயில விழுந்தா உதையும் சேர்த்துக் கிடைக்கும்" என்பாள்.

கட்டியைத் தொட்டுப் பார்த்த அன்று யாரும் கேலி பேசவில்லை. மறுபடியும் வந்துவிட்டதோ என்று நான் டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் உடனே கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அக்கா இன்றைக்கு நாளைக்கு என்று போக்குக் காட்டினாள். கடைசியில் நான்தான் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் மேஜையில் படுக்கச் சொல்லிவிட்டு, "ஆபரேஷன் எங்கம்மா பண்ணாங்க?" என்று கேட்டாள்.

அக்கா சட்டென்று பேன்ட்டைச் சுருட்டிக் காலைக் காட்டினாள். நீளமான தழும்பு. அந்தப் பெண்ணும் நம்பி, காலுக்கு அடியில் தலையணை வைக்கப் போனாள்.

"அக்கா! கழுத்தைக் காட்டு!" கதவருகே நின்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தாள். "கழுத்துன்னுதான் போட்டிருக்கு. ஏம்மா காலைக் காட்டுனீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அங்கயும்தான் வெட்டுனாங்க" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "இன்னொரு தடவை என்னால முடியாதுடி" என்றாள்.

லாரியைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அலறுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பவள் அவள். அவள் அப்படிச் சொன்னதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்கார்ஃபை நானே அவிழ்த்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டாக்டர் அறையில் கம்ப்யூட்டர் திரையில் அவள் கழுத்து தெரிந்தது. தாடைக்குக் கீழே வெள்ளையாக ஒரு கீற்று. டாக்டர் அதைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேன்சர் இல்லம்மா. இது எலும்பு."

"எலும்பா?"

"கால் எலும்பை எடுக்கும்போது, அதை மூடியிருக்கிற மெல்லிசு சவ்வு கொஞ்சம் ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டு வந்துரும். எலும்பை வளர்க்கிறதுதான் அதோட வேலை. கழுத்துக்கு வந்தும் அது வேலையை விடல. சில பேருக்கு இப்படி ஆகும். வாய் நல்லாத் திறக்க முடியுதா?"

"மூடத்தான் முடியல, டாக்டர்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "அப்ப கத்தி வைக்க வேண்டாம். அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க, போதும்."

அக்கா அந்த வெள்ளைக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

"அப்ப இது கால் சமாச்சாரம்தானே, டாக்டர்?"

"ஒரு விதத்துல ஆமா."

"பார்த்தியாடி! நான் காலைத்தானே காட்டுனேன்? அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்துக் கத்துனியே!"

வீடு வந்து சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கேட்கக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.