இரண்டு பள்ளம் விழுந்த தீயணைப்பு வண்டி

பூட்டுக்கடைக்காரருக்குத் தெருவில் நாங்கள் வைத்த பெயர் ரப்பர்வண்டி. பழைய ரப்பர் பொம்மைக் கார் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கவிழ்த்து அச்சு எண்ணைத் தேடுவார், முகப்புக் கம்பிகளை எண்ணுவார், போதாததற்கு மோந்து வேறு பார்ப்பார். ஐம்பது வயசு ஆளுக்கு இது தேவையா என்று கேட்டால் முறைப்பார்.

ஞாயிறன்று சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சி. அதில் நடுமேசை, ஆறு வருஷமாக மருந்துக்கடைக்காரரின் மஞ்சள் டாக்சிக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறதாம், அபூர்வ அச்சாம்! பூட்டுக்கடைக்காரருக்கு அதை நினைத்தாலே வயிறு எரியும். இந்தத் தடவை பழைய சாமான் கடையில் அவருக்கும் ஒன்று சிக்கியது. சிவப்புத் தீயணைப்பு வண்டி. முன் பம்பரில் இரண்டு பள்ளம். எந்தப் பட்டியலிலும் இல்லை. 'உலகில் ஒன்றே ஒன்று' என்று சங்கத்துக்கு எழுதிப்போட்டு நடுமேசையை வாங்கியேவிட்டார்.

சனிக்கிழமை காலை அவருடைய அக்கா வந்தார். வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"டேய், இது நம்ம வீட்டு வண்டிடா! அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டாங்களே, அது."

"சும்மா இரு, அக்கா. இது தனி அச்சு."

"அச்சாவது மண்ணாவது! அது என் பல்லு. ஒன்பது வயசுல உன்னை அழவைக்கக் கடிச்சது."

மேசைமேல் கிடந்த அழிரப்பரை எடுத்து நறுக்கென்று கடித்துக் காட்டினார். இரண்டு பள்ளம், நடுவில் ஓட்டைப்பல்லின் மேடு. அச்சு அசலாக அதே.

பூட்டுக்கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. மருந்துக்கடைக்காரர் காதில் விழுந்தால் மானம் போகுமே!

"நான் மூச்சு விடமாட்டேன்டா" என்றார் அக்கா.

அக்காவாவது மூச்சு விடாமல் இருப்பதாவது! அவர் வாயைப் பற்றித் தம்பிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே தம்பியே முந்திக்கொண்டு, கண்காட்சிக்கு எழுதி வைத்திருந்த சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினார்: 'கடித்தவர்: என் அக்கா.'

மறுநாள் கண்காட்சியில் அக்கா நடுமேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் இளித்துக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. மருந்துக்கடைக்காரர் நக்கலாக வந்தார்.

"உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னீங்களே?"

"ஆமா சார், இந்தப் பல்லு வேற யாருக்கு இருக்கு?" என்றார் தம்பி.

அக்கா எழுந்து, பக்கத்து மேசையிலிருந்த மஞ்சள் டாக்சியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"அடடே, இது இங்கேயா இருக்கு!"

மருந்துக்கடைக்காரர் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் டாக்சியைப் பொத்திக்கொண்டார்.