பொறுப்பு டாக்டர்

ஊழியர் நீட்டிய பேனாவை வாங்காமல், தம்பியின் இறப்புப் படிவத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள் அக்கா. வயது சரி. படுக்கை எண் சரி. நேரம் காலை ஐந்து இருபது. பொறுப்பு மருத்துவர் என்ற இடம் மட்டும் காலி.

"இங்க டாக்டர் கையெழுத்து இல்லையே?"

ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டு கொரோனா வார்டுக்குள் குரல் கொடுத்தார். "தோல் டாக்டர் கையெழுத்து போடாம விட்டுட்டாரு, வரச் சொல்லுங்க!"

"எந்த டாக்டர்?"

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சட்டென்று தாழ்ந்தன. "ஆளில்லைன்னு எல்லாரையும் எல்லா இடத்துலயும் போட்டிருக்காங்கம்மா. பல் டாக்டர் வாசல்ல காய்ச்சல் பாக்குறாரு. ஆபத்துக்குப் பாவமில்ல."

"யாருக்கு ஆபத்து?"

அவர் பேனாவை மறுபடி நீட்டினார்.

அவள் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கிறவள். டிக்கெட் எடுக்காதவன், கேட்டதும் சட்டைப்பையைத் தடவுவானே, அந்த ஒரு கணம் அவளுக்கு அத்துப்படி. ஒன்பது நாளாக மாலை நாலு மணிக்குப் போனில் பேசிய டாக்டரின் குரலிலும் அந்தத் தடவல் இருந்தது. "எப்படி இருக்கான்?" என்றால் முதலில் காகிதம் புரளும் ஓசை. பிறகுதான் பதில். அப்போதே சந்தேகப்பட்டாள், வாயைத் திறக்கவில்லை. கோபத்தைக் காட்டினால் உள்ளே படுத்திருப்பவனை யார் கவனிப்பார்கள்?

தம்பி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னான். "கடையைப் பூட்டின அலுப்புக்கா. ரெண்டு நாள் படுத்தா சரியாயிடும்." தையல்காரன், அவனுக்கு எல்லாமே ஓரம் மடித்து அடித்தால் சரியாகிவிடும். அவள்தான் அதட்டி, சட்டை மாட்டிவிட்டு, வண்டியில் ஏற்றினாள். "பெரிய ஆஸ்பத்திரிடா. வேலை தெரிஞ்சவங்க பாப்பாங்க."

டாக்டர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கவசத்தின் வார் கன்னத்தில் பள்ளம் போட்டிருந்தது.

"தினம் போன் பண்ணது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"நீங்க என்ன டாக்டர்?"

இந்த முறை தடவல் இல்லை. "தோல் டாக்டர். இருபத்தஞ்சு வருஷமா படையும் சொறியும்தான் பாத்தேன். போன மாசம் இங்க போட்டாங்க."

"போட்டா வந்துடறதா? எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். வேற ஆளில்லன்னாங்க."

"காலையில என்ன நடந்துச்சு?"

"அஞ்சு மணிக்குத் திணறல் கூடிடுச்சு. பெரிய டாக்டர் கீழ் மாடியில இன்னொருத்தரோட போராடிட்டிருந்தாரு. அவர் போன்ல சொல்லச் சொல்ல நான் பண்ணேன். இருபது நிமிஷம்."

"பழகின கை இருந்திருந்தா பொழைச்சிருப்பானா?"

அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். "தெரியலம்மா. அதைத்தான் காலையிலேருந்து நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

பொய்யை அவளுக்குத் தெரியும். இது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

"புகார் யார்கிட்ட கொடுக்கணும்?"

"கீழ, ரெண்டாவது ரூம்." கையெழுத்திட்டார். அதன் அடியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். "என் எழுத்து புரியாது. அதான்."

அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டாள்.

தம்பியைக் கிடத்திய தள்ளுவண்டி முன்னால் போனது. லிஃப்ட் இன்னும் மேலே வரவில்லை. பக்கத்தில் வார்டின் கண்ணாடிக் கதவு. தம்பியின் கட்டிலில் அதற்குள் வேறு விரிப்பு. முழங்கையை ஊன்றி, வாயால் மூச்சு வாங்கியபடி ஒரு பெண். தலைமாட்டு இயந்திரத்தின் முன்னால் டாக்டர். அவர் மகள் வயதில் ஒரு நர்ஸ் எதையோ சுட்டிக்காட்டிச் சொல்ல, பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு குமிழைத் திருகினார். நர்ஸ் 'இல்லை' என்று தலையாட்டினாள்.

"லிஃப்ட் வந்துடுச்சும்மா," என்றார் ஊழியர்.

"ஒரு நிமிஷம்."

டாக்டர் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி, மெதுவாகத் திருகினார். நர்ஸ் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் நர்ஸ் 'சரி' என்று தலையசைத்த பிறகுதான் அக்கா கண்ணாடியை விட்டு நகர்ந்தாள்.