நைட் ஷிப்ட் வாரம்

...இந்தக் காலை இவள் எப்படித்தான் காதுக்கு மேலே தூக்கினாளோ, அதுவும் முகத்தில் ஒரு சிரிப்போடு, நமக்கு மேல்தட்டில் இருக்கிற பருப்பு டப்பாவை எடுக்கவே ஸ்டூல் வேண்டியிருக்கிறது என்று நினைத்த மாத்திரத்தில் அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிதம்பரம் கிழக்குக் கோபுர வாசலில், ஆடுகிற கல் பெண்களுக்கு முன்னால் தன்னந்தனியாக நின்று சிரிக்கிற பொம்பளையை ஜனங்கள் என்ன நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்... போன தடவை இந்தத் தூணில் பாதிவரை பார்த்தாயிற்று, இன்றைக்கு மீதி. குடும்பத்தோடு எத்தனையோ முறை வந்த கோயில்தான், ஆனால் இந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்றதுண்டா, நடை சாத்திடுவாங்க, வேகமா வா, செருப்பை எங்க வுட்ட... இவர்கள் பாட்டுக்கு இத்தனை காலமும் இங்கே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "இன்னாக்கா, உள்ள போவலியா?" என்றாள் பூக்காரி. போறேன் போறேன் என்றாள், சாமி எங்கே ஓடிவிடப் போகிறார், அவரும்தான் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் புருஷன் கொளஞ்சிநாதன் இந்நேரம் நல்ல தூக்கத்தில் இருப்பார். நெய்வேலியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஜன்னலில் கறுப்புப் போர்வையை மாட்டிப் படுத்தால் மூன்று மணிவரை அந்த மனுஷனுக்கு உலகமே கிடையாது. கல்யாணமாகி அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து நைட் ஷிப்ட் வாரங்களில் பகலில் யாரும் குரலை உயர்த்தியதில்லை, மிக்ஸிக்குத் துண்டைச் சுற்றி ஓட்டுவது, குக்கர் விசிலடிக்கும்முன் ஓடிப்போய் அணைப்பது, மகள் நந்தினி பாடம் படித்ததுகூட ரகசியம் பேசுகிற குரலில்தான்... அந்த அமைதியில் உட்கார்ந்து அலுத்துப்போய்த்தான், நந்தினியைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒருநாள் சோற்றை மூடி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்து பஸ் ஏறினாள். அதிலிருந்து ஒவ்வொரு நைட் ஷிப்ட் வாரத்திலும் ஒருநாள் இவளுடையது, அவர் எழுவதற்குள் வீட்டில் இருப்பாள். சொன்னால் வேண்டாமென்றா சொல்வார்? மாட்டார், நானும் வரேன் என்பார், அதுதான் பயம். நல்ல மனுஷன், ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் இந்த ஒற்றைக் காலை இவ்வளவு நேரம் பார்க்க முடியுமா... அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். அப்புறம் அவரும் எல்லோரையும் போல ராத்திரியில் தூங்குவார், பகல் முழுக்க முழித்திருப்பார், எங்க கெளம்பிட்ட என்பார். மேலே இன்னும் எத்தனை பேர் பாக்கி இருக்கிறார்கள், இதோ, ஆடுகிறவளின் காலடியில் குட்டியாக ஒரு மத்தளக்காரன், இவனை இத்தனை நாளும் கவனிக்கவே இல்லையே...

போன் அடித்தது. அவர்தான். உச்சிகூட ஆகவில்லையே, உடம்புக்கு ஏதாவது...

"அமிர்தம், வரும்போது சிதம்பரம் கத்திரிக்கா கொத்சு வாங்கிகினு வா. நம்ம வூட்டுல செஞ்சா அந்த ருசி வர மாட்டேங்குது."

"என்னங்க... நான் எங்க இருக்கேன்னு..."

"மொதவாட்டியே பஸ் ஸ்டாண்டுல பாத்தவங்க சொல்லிட்டாங்க. நீயா சொல்லுவன்னு கம்முனு இருந்தேன். அவசரமா ஓடியாராத, பாக்க வேண்டியத பாத்துட்டு மெதுவா வா."

வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, இனி ஒளிந்து மறைந்து வர வேண்டாம், கதவைத் தாராளமாகச் சாத்தலாம்... ஆனால் அவர் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் அது? நாகஸ்வரம், கூடவே தவில், ரேடியோ முழுச் சத்தத்தில், மிக்ஸிக்குத் துண்டு சுற்றிய அதே வீட்டிலா, கட்டில் சட்டத்தில் யாரோ தாளம் வேறு தட்டிக்கொண்டு... யாரோ என்ன, அவரேதான். "ஏங்க, நீங்க தூங்கலியா?" என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

பூக்காரி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இத்தனை நாளும், இவள் கதவைச் சாத்திய பிறகு, அந்த மனுஷன் எழுந்து ஜன்னல் போர்வையை விலக்கிவிட்டு... அடுத்த மாதத்தோடு போவது தன்னுடைய பகல் மட்டும்தான் என்றல்லவா இவள் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.