நூற்றைந்து பெட்டிகளும் ஒரு மாமனாரும்

என் மாமனாருக்குக் காலி இடத்தைக் கண்டால் வயிறு எரியும். டைல்ஸ் மொத்த வியாபாரி. சந்தையில் அவருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். எந்தப் பேரத்தையும் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அவர் முடித்ததில்லை. என் அப்பாவும் லேசுப்பட்ட ஆளில்லை, பாத்திரக் கடைக்காரர். இருவரும் என் கல்யாணத் தேதியையே பேரம் பேசித்தான் முடித்தார்கள். சரக்கு மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் இருப்பது பின்னால் தகரப் பெட்டி கட்டிய லாரி. சொந்த வண்டி. கதவில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஒரு கிலோ ஏறினாலும் சட்டப்படி குற்றம். போன முறை மாமனாரின் சரக்கை ஏற்றிக்கொண்டு போனபோது நெடுஞ்சாலைச் சோதனையில் மாட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை சிக்கினால் பர்மிட் ரத்து என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

பர்மிட் போனால் நான் என்ன செய்வேன் என்ற கவலை மாமனாருக்கு இல்லை. கடையில் தன் மேசைக்கு நேர் எதிரே எனக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். பஞ்சு வைத்த நாற்காலி. அதைத் தினமும் துடைக்கிறார்கள் என்று என் மனைவி வேறு பெருமையாகச் சொன்னாள். காலையிலிருந்து மாலைவரை அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்து அழத் தோன்றும்.

அன்று சரக்கு அவருடைய கிளைக் கடைக்கு. கிடங்கு வாசலில் வண்டியைப் பின்பக்கமாக விட்டதுமே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய பெட்டி மாப்ள! போன தடவை பாதிக்கு மேல காலியாத்தான போச்சு?"

"மாமா, நீங்க ஏத்துறது பஞ்சு இல்ல, டைல்ஸ். முழங்கால் ஒசரம் வந்தாலே என் வண்டிக்கு வயிறு நெறஞ்சிடும்."

"அப்ப மேல இருக்கிற காத்துக்கும் சேத்து நான் வாடகை குடுக்கணுமா?"

"காத்து நான் சும்மா குடுக்கிறது மாமா. வாடகை கீழ இருக்கிறதுக்கு மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. சும்மா கிடைக்கிற எதையும் சந்தேகப்படுவது அவர் பழக்கம்.

என் கணக்குப்படி வண்டி தாங்குவது நூற்றுப் பத்து பெட்டி. டீசல், ஸ்டெப்னி, ஜாக்கி, என் உடம்பு எல்லாம் கழித்த பிறகு வந்த கணக்கு. ஆனால் அதை அவரிடம் சொல்ல நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? நூற்றுப் பத்து என்றால் அவர் அங்கிருந்து ஏற ஆரம்பிப்பார்.

"எத்தனை பெட்டி ஏத்துவீங்க?" என்றார்.

"முப்பது."

நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "முப்பதா? நூத்தியெண்பது கட்டி வச்சிருக்கேன் மாப்ள! முப்பதுக்கு லாரி எதுக்கு, நான் சைக்கிள்லயே வச்சு தள்ளிட்டுப் போயிடுவேனே!"

"தள்ளுங்க. நான் பின்னாடியே மெதுவா வரேன்."

"நூத்தியெழுபது."

"நாப்பது."

அவர் பத்து இறங்கினால் நான் பத்து ஏறினேன். நடுவில் ஒருமுறை கோபித்துக்கொண்டு உள்ளே போனார். நானும் வண்டியைக் கிளப்புவதுபோல் சாவியைத் திருகினேன். உடனே வெளியே வந்தார். கடைசியில் நூற்றைந்தில் வந்து நின்றோம். என்னை எழுபத்தைந்து பெட்டி ஏற்றிவிட்ட பூரிப்பு அவர் முகத்தில். கிடங்கில் கட்டி வைத்ததை முன்பே எண்ணிவிட்டு, அவர் எங்கே வந்து நிற்பார் என்று தெரிந்துதான் நான் முப்பதில் ஆரம்பித்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

பேரம் முடிந்தால் கொசுறு உண்டு. அதற்கும் ஐந்து பெட்டி இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். "இன்னொண்ணு" என்று நான்கு தடவை சொல்லி நான்கு பெட்டி ஏற்றினார். ஐந்தாவது தடவை வாயைத் திறக்குமுன் கதவைச் சாத்தினேன்.

அடுக்கும்போதும் பக்கத்திலேயே நின்றேன். எல்லாவற்றையும் பின் சக்கரத்துக்கு மேல் குவித்தால் மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சின் எடை கூடி மாட்டிக்கொள்வேன்; சோதனையில் ஒவ்வொரு அச்சையும் தனியாக நிறுப்பார்கள். முன் சுவரிலிருந்து தாழ்வாக, பரவலாக அடுக்கி, நகராதபடி பட்டை போட்டு இறுக்கச் சொன்னேன். வண்டி மூக்கையும் தூக்கவில்லை, பின்பக்கமும் உட்காரவில்லை. மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஜெயித்த மிதப்பில் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. கைப்பையோடு மாமனார் ஏறினார்.

"நானும் வரேன் மாப்ள. கிளையைப் பாத்து நாளாச்சு."

"வாங்க மாமா, தாராளமா" என்றேன். வியாபாரி வீட்டில் வளர்ந்தவனுக்கு எடை என்றால் சரக்குதான். என் உடம்பைக் கழித்ததோடு சரி, பக்கத்தில் ஏறுகிற ஆளை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

ஊர் எல்லையில் இருந்த எடை மேடை பார்த்தது. போன முறை மாட்டியதிலிருந்து, நெடுஞ்சாலை ஏறுமுன் அங்கே எடை போட்டுப் பார்ப்பது என் வழக்கம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த இளவயது எடைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அறுபத்தஞ்சு கிலோ கூட இருக்கு அண்ணே."

மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் பாத்துப் போடுங்க. அறுபதுன்னு வச்சுக்கலாமே?"

"ஐயா, இது மிஷின். அது யார் பேச்சையும் கேக்காது."

"அப்ப அம்பது?"

"மாமா, பேரத்துல இறங்குறது நீங்க, போறது என் பர்மிட்" என்றேன். பிறகுதான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். நன்றாகச் சாப்பிடுகிற உடம்பு. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. கணக்கு புரிந்துவிட்டது. மிதப்பு போய், தெம்பு வந்தது.

"மூணு பெட்டிய இங்க இறக்கிடலாம் மாமா."

"இறக்கிட்டு? யாரு பாத்துக்கிறது?"

"நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும்."

மாமனாரின் உதடு மட்டும் அசைந்தது. அவர் மனக்கணக்கு போடும்போது அப்படித்தான்.

"நான் எப்படியும் இறங்கணும்னா, பெட்டி எதுக்கு இறங்கணும்?"

"அதான நானும் யோசிச்சேன்."

சரக்கை விட்டுக்கொடுத்த ரத்தம் இல்லை அவருடையது. தன்னை விட்டுக்கொடுத்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, மேடைக்கு வெளியே போய் நின்றார். எண் இறங்கியது. எடைக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, சீட்டை நீட்டினார்.

"எவ்வளவு மிச்சம் தம்பி?" என்றார் மாமனார்.

"இருபத்தஞ்சு கிலோ, ஐயா."

"மாப்ள! ஒரு பெட்டிக்கு இடம் இருக்கே! முன்னாடியே சொல்லியிருந்தா..."

நான் கியரைப் போட்டேன்.

நெடுஞ்சாலையில் எதிர்பார்த்தபடியே கையைக் காட்டி ஓரங்கட்டினார்கள். அதிகாரி என் பெயரில் இருந்த பழைய குற்றத்தைப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு சக்கரத்தையும் எடைத் தட்டில் ஏற்றச் சொன்னார். முன் அச்சு சரி. பின் அச்சு சரி. மொத்தம் சரி. அவருக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை நிறுத்தார். அப்போதும் சரியாகவே இருந்தது.

காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பேருந்து எங்களைக் கடந்தது. ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி ஒருவர் கத்தினார்: "மாப்ள! பட்டை இறுக்கமா இருக்கா? பெட்டி பத்திரம்!"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "யாருய்யா அது?"

"கூடுதல் எடை சார்" என்றேன். "பஸ்ல அனுப்பிட்டேன்."