உடும்பு தூக்கிப்போன முற்றும்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்திலேயே இருந்தவள் நான். காது நன்றாகக் கேட்கும், குரல்தான் தூரத்துக்கு எட்டாது.

சிவகாசியில் எங்கள் அச்சாபீசுக்குப் படக்கதை மிருகங்கள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வரும். கரடி, முயல், வாத்து, உடும்பு. வாசல் குழாயில் கால் கழுவி, ஆணியில் தொங்கும் உடுப்பை எடுத்து மாட்டிக்கொள்ளும். சட்டை போட்டால் டவுசர் கிடையாது, டவுசர் போட்டால் சட்டை கிடையாது. அந்தத் தொழிலில் அப்படித்தான். ஏதோ ஒன்று போட்ட மிருகம் இரண்டு காலில் நடக்கும், பேசும். ஒன்றுமே போடாத மிருகம், போட்ட மிருகத்தின் வீட்டில் கயிற்றில் வளரும். வாத்து வீட்டில் ஒரு வாத்து கட்டிக் கிடந்தது. இரண்டும் பெரியம்மா சித்தி பிள்ளைகள்.

நான் தாள் மடிக்கிறவள். இரண்டாம் வகுப்போடு சரி. கட்டத்துக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். மை காய்கிறவரை சத்தம் இருக்கும்.

உடும்பின் பேர் உலகநாதன். பச்சைச் சட்டை. கதையை நகர்த்துவதே அதுதான். கரடி கனகராஜைக் குழியில் தள்ளுவதும், பேசிப் பேசியே மேலே ஏற்றுவதும், ஏறின கையோடு மறுபடி தள்ளுவதும் அதன் வேலை.

ஒருநாள் முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி அதைக் கூப்பிட்டார்.

“உலகநாதா, பிள்ளைங்க நோட்டு அட்டையில முயலை வெட்டி ஒட்டுதுங்க, வாத்தை ஒட்டுதுங்க. உன்னை ஒருத்தரும் ஒட்டலை.”

“பசை சரியில்லையோ என்னவோ.”

“மூஞ்சி சரியில்லை. உருண்டையா இருக்கணும். கண்ணு அவிச்ச முட்டை மாதிரி இருக்கணும். பார்த்ததும் தூக்கணும்னு தோணணும்.”

“என்னைத் தூக்கினா நான் பிடியை விடமாட்டேன் அண்ணாச்சி. பிள்ளைங்களுக்கு அது தெரியும்.”

அண்ணாச்சி முடிவு சொன்னார். இந்த மாத இதழின் எட்டாம் பக்கத்தில், கடைசிக் கட்டத்தில், கரடி உடும்பின் சட்டையைக் கழற்றிக் கழுத்தில் கயிறு மாட்டும். அடியில் ‘முற்றும்’ என்று வரும். அடுத்த மாதத்திலிருந்து உலகநாதன் கரடி வீட்டு வளர்ப்பு.

“நான் நல்லாப் பார்த்துக்குவேன் மாமா. தினம் ரெண்டு முட்டை,” என்றது கரடி.

“முதல்ல உன்னைப் பாரு மாப்ளே. டவுசர்ல ஒரு பித்தான்கூட இல்லை,” என்றது உலகநாதன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “ஒருநாளாவது சிரிச்ச மூஞ்சியா நில்லேன் உலகநாதா. ரெண்டு பிள்ளை ஒட்டினாப் போதுமே,” என்றேன்.

“சிரிப்பு வந்தா சிரிக்கப்போறேன் மதனி. அவங்க ஒட்டணும்னு எதுக்குச் சிரிக்கணும்?”

சனிக்கிழமை தாள் மிஷினில் ஏறியது. எட்டுப் பக்கமும் ஒரே தாளில்தான் விழும். மடிப்பதற்கு முன் பார்த்தால் எட்டாம் பக்கமும் ஒன்றாம் பக்கமும் ஒட்டினாற்போல நிற்கும். நடுவில் ஒரு விரல் அகலம் வெள்ளை. மடிக்கிற எங்களுக்கு இது தெரியும். அண்ணாச்சி மடித்து வந்த புத்தகத்தைத்தான் பார்ப்பார். அவருக்கு எட்டு என்றால் ஏழுக்கு அப்புறம்.

எட்டாம் பக்கத்தில் கரடி கயிற்றைச் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உலகநாதன் குனிந்து, அடியில் கிடந்த ‘முற்றும்’ என்கிற சொல்லைப் பலகை தூக்குவதுபோலத் தோளில் ஏற்றி, அந்த வெள்ளையைத் தாண்டி ஒன்றாம் பக்கத்துக்குப் போய், முதல் கட்டத்தின் அடியில் சாய்த்து வைத்தது. நாலாயிரம் தாளிலும் ஒவ்வொன்றாகச் செய்தது. சாயங்காலம் தோளுக்குத் தைலம் கேட்டது.

“மடிச்சிருங்க மதனி.”

மடித்தேன்.

கதை முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டது. முடிந்த கதையில் யாரும் யாருக்கும் கயிறு மாட்ட முடியாது. வேலை நேரம் முடிந்துபோயிற்று. மிச்சமிருந்த பக்கங்களில் கரடி தூணில் முதுகைத் தேய்த்தது. முயல் தன் டவுசரைத் துவைத்துக் காயப்போட்டது. வாத்து, தன் வீட்டில் கட்டிக் கிடந்த அக்காளின் கயிற்றை அவிழ்த்துக் குளத்துக்குக் கூட்டிப்போனது. ஆறாம் பக்கம் முழுக்க உலகநாதன் வெயிலில் சும்மா படுத்திருந்தது. கோணல் மூஞ்சி, பாதிக் கண்.

கடிதங்கள் வண்டியில் வந்தன. ஊர் ஊராகப் பிள்ளைகள் ஆறாம் பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு கடிதத்தைக் கணக்கர் எனக்குப் படித்துக் காட்டினார். ‘உடும்பு என்னைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் பிடித்திருக்கிறது.’

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். “இந்த மூஞ்சிக்கே இவ்வளவுன்னா உருண்டை மூஞ்சிக்கு எவ்வளவு வரும். தாயி, பத்தரை பஸ்ல இவனைச் சாத்தூருக்குக் கூட்டிட்டுப் போ. அங்க ஒரு ஓவியர் மூஞ்சியை உருட்டித் தருவார்.”

“உருட்டலைன்னா?” என்றது உலகநாதன்.

“கயிறு இன்னும் கரடி கையிலதான் இருக்கு.”

பஸ் நிலையத்துக்குப் போனோம். ‘முற்றும்’ அதன் கக்கத்தில் இருந்தது. அச்சான நாளிலிருந்து அதை அது யாரிடமும் திருப்பித் தரவில்லை. என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பஸ்ஸின் முன்கண்ணாடியில் ‘சாத்தூர்’ பலகைக்குக் கீழே அந்தச் சொல்லை மாட்டியது.

இன்னும் கிளம்பாத பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார். சனங்கள் சாத்தூர் வெள்ளரிக்காய்ப் பையோடு இறங்கினார்கள். என் மடியிலும் நாலு பிஞ்சு இருந்தது. கண்டக்டர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “பார்த்து இறங்குங்கக்கா,” என்றார்.

“போயிட்டு வந்தாச்சு மதனி,” என்றது உலகநாதன். மூஞ்சி நீளமாகத்தான் இருந்தது. “அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. அந்த ஓவியர் இதுக்கு மேல ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டார்.”

பஸ்ஸிலிருந்து சொல்லைக் கழற்றித் தூசி தட்டியது. எதிரே பள்ளிக்கூடம். அன்றைக்கு முழுப்பரீட்சை, கேள்வித்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகநாதன் வாசல் சாக்கில் நாலு காலையும் நிதானமாகத் துடைத்துவிட்டு, நேரே உள்ளே போய், கரும்பலகையின் அடியில் அதைச் சாய்த்து வைத்தது.