பட்டப்பகலில் ஒரு பயம்

என் மகள் சிந்துஜா உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு எவனோ ஒருவன் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தான். நான் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தபோது, அவனுடைய விமர்சன வீடியோவை அவள் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“சவுண்டு பிரமாதம். ஆனா நடை ரொம்ப ஸ்லோ. அத விடுங்க, பட்டப்பகல்ல எவன் பயப்படுவான்? ஒரு ஊரே மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குதாம்!” என்று சிரித்தான் அவன்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணிக்கு மேல் எங்கள் புதுச்சேரிக்கு வந்து ஒரு சோப்பு வாங்கிக் காட்டட்டும், பார்க்கலாம். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், மத்தியானத் தூக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. நாலு மணிவரை கடைகள் திறக்காது.

அந்தத் தூக்கத்தைத்தான் அவள் விளையாட்டாக்கியிருந்தாள். மொத்தமே அரைமணி நேரம். பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், நீங்கள் மட்டும் விழித்திருக்கிறீர்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வேலைக்குப் போய்வந்த நேரம் போக இரண்டு வருஷம் இதற்கே செலவழித்திருந்தாள்.

“எல்லாத்தையும் ராத்திரியா மாத்திடப் போறேம்பா. இருட்டா இருந்தாதான் ஜனங்க வெளயாடுவாங்க.”

எவனோ உப்பில்லை என்றதற்குக் குழம்பையே கொட்டுவார்களா?

“இரு. மொதல்ல நான் வெளயாடிப் பாக்குறேன்.”

“நீயா? பேய்ப்படம் போட்டாலே தூங்கிடுவியே!”

உள்ளறையில் என் மனைவி ஜெயம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மைதான். விளையாட்டில் வரும் வீட்டின் கூடத்தைக் கடப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. எழுத்தெல்லாம் பொடிப்பொடி. சாவிக்காக ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்பக் குடைய வைத்தது எரிச்சல். பிறகு படுக்கையறைக்குள் போனேன். போர்த்திக்கொண்டு யாரோ தூங்கினார்கள். குறட்டை ஜெயத்தினுடையது. கள்ளி, அம்மாவுக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறாள்! பக்கத்தில் போய் எழுப்பினேன். எழவில்லை. குறட்டை மட்டும் நின்றது.

அப்போது கதவு தட்டப்பட்டது. மெதுவாக, தெரிந்தவர் தட்டுவது போல.

இந்த வேளையில் எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். தட்டினால் நல்ல சேதியாக இருக்காது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் என் தம்பி பக்கிரியின் முகம் வந்து போனது. எழுந்து ஓடித் தாழ்ப்பாளை நீக்கினேன்.

வாசலில் யாருமில்லை. தெருக்கோடி வரை வெயில். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஹெட்போன் என் தலையிலேயே இருப்பதும், பிடுங்கிக்கொண்டு வந்த வயர் முழங்கால் வரை தொங்குவதும் அப்போதுதான் உறைத்தது.

சிந்துஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. என் வீட்டுக் கதவையே என்னைத் திறக்க வைத்துவிட்டாளே!

வயர் கழன்றதால் தட்டும் சத்தம் இப்போது ஸ்பீக்கரில் வந்தது. உள்ளறையில் குறட்டை நின்றது.

“என்னாங்க,” என்றாள் ஜெயம். தூக்கம் கலையாத குரல். “யாரோ தட்றாங்க. தெறக்காதீங்க.”

பட்டப்பகலில் அம்மாவும் பயந்துவிட்டதைக் கேட்டுச் சிந்துஜா சிரிப்பதை நிறுத்தினாள். சத்தத்தை நிறுத்தக் கீபோர்டுக்குப் போன கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். வெயில் என்னைத் தாண்டிப் போய்க் கூடத்தில் விழுந்து கிடந்தது.